இடுப்பில் கை வைத்த மாப்பிள்ளை

கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் ஒரு நாள் காலை, பாத்திரம் கழுவக் கொல்லைப்புறம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். என் கணவர் முருங்கை மரத்துக்கு எதிரே தனியாக நின்றுகொண்டு, தன் இடது மணிக்கட்டை வலது கையால் வெட்டுவதுபோல அடித்தார். பிறகு இரண்டு முஷ்டிகளையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து ஒன்றையொன்று சுற்றவிட்டார். கடைசியில் மரத்தைப் பார்த்து ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலும் காட்டினார். மரம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அதில் திருப்திதான் என்பது முகத்தில் தெரிந்தது.

சத்தம் காட்டாமல் உள்ளே வந்தேன். அத்தை உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அவுக மரத்துக்கிட்ட என்னமோ செஞ்சுக்கிட்டு இருக்காக."

"அதுவா. பரிச்சைக்குப் படிக்கிறான்" என்றார் என் மாமியார், குழவியை நிறுத்தாமல். "கூடைப்பந்துக்கு நடுவரு ஆகணுமாம். நீ பயந்துராத. நானே மொதல்ல பயந்து மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனேன். மந்திரிச்சவரு, பையன் நல்லாத்தான் இருக்கான், பரிச்சை முடிஞ்சா சரியாப் போயிரும்னு சொல்லிட்டாரு."

என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஒல்லி, உயரமும் குறைவு. குரல் எங்கள் வீட்டு நடையைத் தாண்டிக் கேட்காது. கத்தரிக்காய்க்காரி சொன்ன விலையைக் கொடுத்ததோடு நில்லாமல், அவளுக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஆள். மதுரையில் காலேஜ் படித்தபோது கூடைப்பந்து ஆடியதாகச் சொல்லுவார். ஆடியதைவிட ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம் என்பதைப் பின்னால் அவருடைய சிநேகிதர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆடுகிறவர்களைவிட விசில் ஊதுகிறவரின்மேல் கண் போயிருக்கிறது. ஆறடி ஆள்கள் பத்துப் பேர் ஒருவர் ஊதியவுடன் நின்றுவிடுகிறார்கள் என்பது அவர் மனத்தில் ஆழமாக விழுந்துவிட்டது.

அந்தச் சிநேகிதர் தோல் பதனிடுகிற ஷாப்பில் கணக்குப் பார்த்த பாய். இவருக்கு நேரெதிர். நல்ல உயரம், அகலம், தெருமுனையில் பேசினால் எங்கள் அடுப்படியில் கேட்கும். இரண்டு பேரும் ஒன்றாகப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் வந்துவிடுவார். பழகிப் பார்க்க ஸ்கோரர் ஒருவர் வேண்டும். ஆட்டத்தின்போது மேசையில் உட்கார்ந்து, யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று நடுவர் காட்டுவதைப் பார்த்து எழுதுகிறவர்தான் ஸ்கோரர். அவர்களுக்கு அகப்பட்டது நான். அடுப்படி நிலைப்படியில் என்னை உட்கார வைத்து, மடியில் ஒரு சிலேட்டைக் கொடுத்தார்கள்.

"தங்கச்சி, நாங்க வாயால ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார் பாய். "சனம் கத்துற கத்துல எதுவும் கேக்காது. எல்லாம் கைதான். கையப் பாத்து எழுதணும்."

அவர்கள் சொல்லிக் கொடுத்த வரிசை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. விசிலை ஊதிக் கையை உயர்த்த வேண்டும். தப்புச் செய்தவனைக் காட்ட வேண்டும். அந்தக் காலத்துச் சட்டப்படி, தப்புச் செய்தவனும் மேசையைப் பார்த்துத் தன் கையைத் தானே தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடுவர் மேசைக்கு எதிரே ஓடிவந்து நின்று, முதலில் அவன் பனியன் நம்பரை விரலால் காட்டி, அடுத்து என்ன தப்பு என்று காட்டி, கடைசியில் தண்டனையைக் காட்ட வேண்டும். இதில் முன்பின் ஆகக் கூடாது. அடித்தால் மணிக்கட்டில் அடித்துக் காட்டுவது, பிடித்தால் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டுவது, தள்ளினால் காற்றைத் தள்ளிக் காட்டுவது என்று எல்லாம் பார்த்தாலே புரிகிற மாதிரித்தான் இருந்தது.

பாய் காற்றைத் தள்ளினால் உள்ளே அத்தை ஓர் அடி பின்னால் நகர்வார். என் கணவரோ அதையே, பந்தியில் கொஞ்சம் உப்புப் போடுங்கள் என்று கேட்கிற மாதிரி செய்வார்.

"என்ன எழுதிருக்க?" என்று கேட்பார்.

"ஒண்ணும் எழுதல. நீங்க நம்பர் காட்டலையே."

"காட்டுனேனே."

"அது நம்பரா? விரல்ல சுண்ணாம்பு ஒட்டியிருக்கோன்னு நெனச்சேன்."

பாய் விழுந்து விழுந்து சிரிப்பார். "தங்கச்சி, எம் பக்கம் மட்டும் செத்த விட்டுக் குடும்மா" என்பார். அவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் தண்டனையை முதலில் காட்டிவிட்டு நம்பரை மறந்துவிடுகிறவர்.

என் கணவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது பிளாக்கிங். ஓடுகிறவன் வழியில் குறுக்கே வந்து விழுவதற்கு அந்தப் பெயர். அதற்கு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நிற்க வேண்டும். பெரியவர்கள் முன்னால் இடுப்பில் கை வைத்தால் அடி விழும் என்று வளர்ந்த மனிதர். உள்ளே அம்மா இருக்கிறார் என்ற நினைப்பிலேயே அவர் கை விலாவோடு நின்றுவிடும்.

"இன்னும் கீழ" என்பேன்.

"போதும். புரியும்."

"எனக்குப் புரியல. நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கு. நல்லா இடுப்புல ஊனி, நெஞ்ச நிமித்தி நில்லுங்க."

அந்தத் தப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முன்னாலேயே வந்து இடம் பிடித்து நிற்கிறவன்மேல் ஓடிவருகிறவன் மோதினால், தப்பு மோதியவனுடையது. கடைசி நேரத்தில் குறுக்கே வந்து மோதல் வாங்கினால், வந்தவனுடையது. மோதிய இரண்டு பேரும் எப்போதும் தான்தான் நின்றேன் என்று சத்தியம் செய்வார்கள் என்று பாய் சொல்லுவார். அதைப் பார்த்துச் சொல்லத்தான் நடுவர்.

பரீட்சை வருவதற்குள் இந்தக் கை பாஷை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இரண்டு பேர் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டால் நடுவர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்த வேண்டும். அடுப்படியில் நானும் அத்தையும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இரண்டு கட்டைவிரலையும் உயர்த்துவார். வாயைத் திறந்து எங்களை அடக்க அவருக்கு ஆயுசுக்கும் தைரியம் வராது. கட்டைவிரலுக்கு மட்டும் அந்தத் தைரியம் இருந்தது.

மதுரைக்குப் போய் இரண்டு பேரும் பாஸ் செய்துவிட்டு வந்தார்கள். அத்தை வந்த கையோடு திருஷ்டி சுற்றிப் போட்டார்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நிலக்கோட்டைக்குப் பக்கம். அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம். தம்பிக்குப் பூவில் மனம் போகவில்லை, திண்டுக்கல்லில் ஒரு பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பனைமரம் மாதிரி உயரம். அந்த உயரத்துக்காகவே ஆலைக்காரர்கள் அவனைக் கூடைப்பந்து டீமில் போட்டுக்கொண்டார்கள். ஏழாம் நம்பர் பனியன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அத்தை அவனுக்கென்று தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கூடுதலாக வைப்பார். என் கணவரும் அவனும் பேச ஆரம்பித்தால் சோறு காய்ந்துபோகும்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "வேல முடிஞ்சும் பந்தத் தூக்கிப் போடுறதுக்கு ஒரு வேலையா" என்பார். ஆட்டத்தைப் பார்க்க ஒரு நாளும் வந்ததில்லை.

அந்த வருஷம் வெயில் காலத்தில், திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி வைத்தார்கள். ஆலை டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரே மதுரையிலிருந்து வந்த ஒரு டீம். தம்பி நிலக்கோட்டைக்கே போய் அப்பா காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அவரை வரச் சம்மதிக்க வைத்தான்.

மதுரையிலிருந்து வர வேண்டிய நடுவர் வரவில்லை. பாய் ஏற்கெனவே ஒரு நடுவர். இன்னோர் இடத்துக்கு என் கணவரைக் கூப்பிட்டார்கள். மைத்துனன் ஆடுகிறான் என்று இவர் தயங்கினார். மதுரைக்காரர்களே பரவாயில்லை என்றுவிட்டார்கள். தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"மச்சான் ஊதுறாருன்னா நமக்கு நல்லதுதானக்கா."

"அவுகளப் பத்தி உனக்குத் தெரியாது" என்றேன். உண்மையில் எனக்கும் தெரியாது.

ஊரில் குடத்தோடு குழாயடியில் சனங்கள் நிற்க, மைதானத்துக்கு வண்டித் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கியிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று இருந்தது. நடுவர் வீட்டாள் என்று எனக்கும் அப்பாவுக்கும் ஸ்கோரர் மேசைக்கு நேர் பின்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அப்பா தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, பஞ்சாயத்துக்கு வந்தவர்போல உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருவர் சிறுமலைப் பழம் விற்றார். அப்பா ஒரு சீப்பு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், தம்பி ஆடி முடித்தபின் தின்ன.

விசிலோடு என் கணவரைப் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, ஓட்டம், நிமிர்ந்த கழுத்து. கத்தரிக்காய்க்காரி பார்த்திருந்தால் விலையைக் குறைத்திருப்பாள்.

தம்பி நன்றாகத்தான் ஆடினான். கொஞ்சம் அதிகமாகவே ஆடினான். அப்பா பார்க்கிறார் என்ற வேகத்தில் எல்லாப் பந்துக்கும் பாய்ந்தான். சீக்கிரமே பாய் ஊதினார். தம்பி மேசையைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"எதுக்குத்தா கையத் தூக்குறான்?" என்றார் அப்பா.

தப்புச் செய்துவிட்டான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆட்டத்துல அப்படித்தான்ப்பா" என்றேன்.

மறுபடி ஊதினார்கள். மறுபடி கையைத் தூக்கினான். இந்தத் தடவை கூட்டம் பலமாகக் கத்தியது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பாதி ஆட்டம் முடிந்து இரண்டாம் பாதி தொடங்கிச் செத்த நேரத்துக்குள் தம்பி நான்கு தடவை கை தூக்கிவிட்டான்.

அப்பா என் பக்கம் சாய்ந்து, பெருமை தாங்காமல் மெதுவாகச் சொன்னார்: "பாத்தியா, மத்த பயலுக ஒருத்தனும் ரெண்டு தாண்டல. நம்ம பய நாலு."

ஐந்தாவது வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதை அவரிடம் எந்த வாயால் சொல்வது. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐந்தாவது வந்தது. மதுரைக்காரன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையைப் பார்த்து ஓடினான். தம்பி பக்கவாட்டிலிருந்து பாய்ந்து அவனுக்கு முன்னால் வந்தான். இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். விசில் என் கணவருடையது.

தம்பி எழுந்து நின்றான். கையைத் தூக்கவில்லை. "நான் நின்னுக்கிட்டுத்தான இருந்தேன்" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை. என் கணவர் அவனைக் காட்டியபடி காத்திருந்தார். தூக்காமல் நின்றால் அதற்கும் சேர்த்துத் தண்டனை உண்டு. என் கை தானாக மேலே போயிற்று.

"நீ எதுக்குத்தா கையத் தூக்குற?" என்றார் அப்பா.

ஒருவழியாகத் தம்பி பாதிக் கையைத் தூக்கினான். என் கணவர் ஓடிவந்து மேசைக்கு எதிரே நின்றார். மேசைக்கு எதிரே என்றால் அப்பாவுக்கும் எதிரே. ஒரு கையில் ஐந்து, மறு கையில் இரண்டு. தெளிவான ஏழு. பிறகு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, மாமனாரின் முகத்துக்கு நேராக நின்றார். கை விலாவில் இல்லை, இடுப்பில்தான் இருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததில் ஒரு குறை வைக்கவில்லை.

தம்பி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் தலையை மூடிக்கொண்டான். பக்கத்து நாற்காலிக்காரர் அப்பாவிடம், "அஞ்சு தப்புப் பண்ணிட்டான்யா, இனி ஆட முடியாது" என்று அவராகவே விளக்கம் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். சீப்பை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்கப்பா."

"வகுறு நெறஞ்சிருச்சு ஆத்தா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

ஆலை டீம் தோற்றது. அன்று சாயங்காலம் என் கணவர் விசிலைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினார்.

"உங்களுக்கு அவன் யாருன்னு தெரியலையா?" என்று கேட்டேன்.

"ஊதுனப்பறந்தான் யாருன்னு பாத்தேன்" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் ஊதியதற்கு வருத்தப்படுகிறார் என்று என்னால் சொல்ல முடியாது.

தம்பி ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அத்தை வழக்கம்போல வெஞ்சனத்தைக் கூடுதலாக வைத்துவிட்டு, ராத்திரி அதையே எங்களுக்குப் போட்டார். பாய் ஆலைக்கே போய்ப் பேசிப் பார்த்தார். "ஒங்க ரெண்டும், அவரு ரெண்டும் சரி. அந்த அஞ்சாவதுதான் தப்பு பாய்" என்று அவரிடம் கணக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். நிலக்கோட்டையிலோ பேச்சு வேறு விதமாக இருந்தது. ஃபவுல் பற்றி அப்பாவுக்குக் கவலையே இல்லை. மாப்பிள்ளை அத்தனை பேருக்கு முன்னால் தன்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார் என்பதுதான் அவர் மனத்தில் தைத்திருந்தது.

ஆடி பிறக்கப்போனது. கல்யாணமான முதல் ஆடிக்கு அப்பா நேரில் வந்து மகளையும் மருமகனையும் அழைக்க வேண்டும். அப்பா வரவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார், மகளை மட்டும் அனுப்பிவையுங்கள் என்று.

அத்தைக்குச் சுருக்கென்றது. "எம் மகன் என்ன கொல பண்ணிட்டானா" என்றார். என் கணவர் என் பெட்டியைத் தூக்கிவந்து, செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தார்.

"மாமாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

"அப்பாகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லிருங்களேன்."

"என்னன்னு சொல்றது? அது பிளாக்கிங்தான?"

பஸ் கிளம்பிவிட்டது.

ஊரில் அப்பா என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். மாப்பிள்ளை பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தம்பியும் லீவு போட்டுவிட்டு வந்தான். மறுநாள் விடியும்போதே பூ எடுத்து முடித்துவிட்டோம். மல்லிகையைக் கூடையில் நிரப்பி, மேலே ஈரத்துணி மூடி, நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோக அப்பா கூடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு களத்தைக் கடந்து வண்டியைப் பார்த்து நடந்தார். நானும் தம்பியும் களத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கே சுற்றினாலும் அந்த ஐந்தாவதில்தான் வந்து நின்றது.

"நீ குறுக்க வந்து விழுந்த. நான் பாத்தேன்" என்றேன்.

"நீயும் அவரு பக்கமா? நான் நின்னேன்க்கா. சும்மா நின்னேன். இந்தா, இப்படித்தான் நின்னேன் பாரு."

எப்படி நின்றேன் என்று காட்டுவதற்காக, நடந்துபோய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு முன்னால் பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவினான். அப்பா கூடையோடு வந்து அவன்மேல் மோதினார். கூடை எகிறியது. மல்லிகை களமெங்கும் கொட்டியது.

"ஏலே, கண்ணு தெரியல?" என்று அப்பா கத்தினார். "நான் பாட்டுக்கு எம் வழியில போய்க்கிட்டு இருக்கேன். குறுக்க வந்து விழுகுற?"

தம்பி அப்படியே நின்றான். என்னை அறியாமல் என் இரண்டு கையும் இடுப்புக்குப் போய்விட்டன. நெஞ்சும் நிமிர்ந்துவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பழக்கம்.

அப்பா என்னைப் பார்த்தார். பெற்ற மகள், விடிந்தும் விடியாமலும், தன் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னத்தா இது?"

"நீங்க இப்பச் சொன்னீங்களேப்பா, குறுக்க வந்து விழுகுறேன்னு" என்றேன், கையை இறக்காமல். இறக்கத் தோன்றவில்லை. "அதத்தான் அன்னைக்கி அவுக கையால சொன்னாக. எழுதுற ஆளுக்கு எதிர்ல நின்னு சொல்லணும்னு சட்டம். அந்த மேசைக்குப் பின்னால நீங்க உக்காந்திருந்தீங்க. அம்புட்டுத்தான்."

அப்பா கொட்டிக் கிடந்த பூவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மறுபடி என் இடுப்பைப் பார்த்தார்.

"அப்ப, அது என்னயப் பாத்து இல்ல?"

"இல்லப்பா."

"இந்தப் பயலும் அன்னைக்கி இப்பிடித்தான் விழுந்தானா?"

தம்பிதான் பதில் சொன்னான். "ஆமாப்பா" என்றான், குனிந்து பூவைக் கூட்டியபடி. எல்லோருமாகப் பூவை அள்ளினோம். மண்ணை ஊதி ஊதிக் கூடையில் போட்டோம். அப்புறம் அவனாகவே என்னிடம் மெதுவாகச் சொன்னான்:

"எனக்கு அப்பவே தெரியும்க்கா. மச்சான் மேல கோவமில்ல. அப்பா மொதத் தடவையா வந்தாரு. முடியிற வரைக்கும் ஆடணும்னு இருந்துச்சு."

அவன் நின்றால் எனக்குத் தோள் எட்டாது. உட்கார்ந்திருந்ததால் தோளைத் தொட்டேன். கொஞ்ச தூரத்தில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது கேட்டதா என்று தெரியாது. அவர் முதுகு அசையாமல் இருந்தது. பிறகு எழுந்து, "எடுத்தது போதும், வெயில் ஏறுது" என்று கூடையைத் தூக்கினார். அடுத்த ஆட்டம் எப்போது என்று தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியேறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குக் கிளம்பினார். மாப்பிள்ளையை ஆடிப் பதினெட்டுக்கு முறையாக அழைக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் முழுக்க அதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர்போல வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

என் கணவர் வாசலுக்கு வந்து, "வாங்க மாமா" என்றார். தம்பியைப் பார்த்து, "வா மாப்ள" என்றார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, அத்தை கொடுத்த காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மாமா."

அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்துவிட்டார்.

"அந்த மதுரைக்காரன், நெட்டையா ஒருத்தன், காதுகிட்ட தழும்பு இருக்கும். நம்ம பய தாவுறப்ப பின்னாடியிருந்து பனியனப் புடிச்சு இழுத்தான். எங் கண்ணால பாத்தேன். அதுக்கு ஏன் நீங்க ஊதல?"

என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"எப்ப மாமா? மொதப் பாதியா?"

"மொதப் பாதி. மலைக்கோட்டைப் பக்கத்துக் கூடையில."

"அது எம் பக்கம் இல்ல மாமா. அது பாய் பக்கம்" என்றார் அவர். அத்தையிடம் கோலமாவு வாங்கி, கூடத்துத் தரையில் மைதானத்தை வரைந்தார். ஒரு நடுவர் கூடைக்கடியில் நின்றால் மற்றவர் பின்னால் நிற்க வேண்டும், பந்து மறுபக்கம் போனால் இரண்டு பேரும் இடம் மாற வேண்டும், அவரவர் பக்கத்தை அவரவர் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அப்பா நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் குந்தி உட்கார்ந்து கேட்டார். தம்பி காப்பி டம்ளர்களை ஆட்டக்காரர்களாக வைத்தான். பாய்க்கு ஆள் போயிற்று. அவர் வந்து கோலமாவைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் உட்கார்ந்தார்.

"பனியனப் புடிச்சது நெசந்தாங்களா?" என்று அப்பா அவரிடம் கேட்டார்.

"புடிச்சிருப்பான் ஐயா. எனக்கு முன்னால நாலு பேரு நின்னாக. நான் பாக்கல."

"அப்ப விட்டுப்போச்சுன்னு ஒத்துக்கிறீக."

"ஒத்துக்கிறேன்."

அப்பாவுக்கு மனம் ஆறிவிட்டது. அத்தை இலை போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை, நேராக வந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் நின்றது. எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள். ரசம் ஆறிப்போயிருந்தது.

வந்த காரியத்தை அப்பா மறந்தே போனார். சாயங்காலம் பஸ்ஸில் நானும் அவரும் ஏறி உட்கார்ந்து, டிரைவரும் ஏறியபின்தான் அத்தை கீழே நின்றுகொண்டு, "ஏன் சம்பந்தி, மாப்பிள்ளைய அழைக்க வந்தீங்களா, பந்தாட வந்தீங்களா?" என்று கேட்டார். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பதினெட்டுக்கு வந்துருங்க மாப்பிள்ளை. சம்பந்தியம்மாளயும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவர்கள் வந்தார்கள். அப்பா வேட்டியும் துண்டும் எடுத்து வைத்திருந்தார். தம்பியும் லீவில் வந்திருந்தான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்தபிறகு இருட்டும்வரை வேறு எதையும் பேசவில்லை.